மூலைவாட்டில் ஒரு படுக்கை

மோட்டார் சைக்கிளுக்கு சீட்டு தைப்பதும் லாரிக்குத் தார்ப்பாய் தைப்பதும் என் தொழில். பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கடை. சில ஆண்டுகளாக ஹாமக்கும் தைத்துக் கொடுக்கிறேன். பெத்தோங் வழியாகத் தாய்லாந்துக்குள் நுழைந்து, மே ஹொங் சோன் மலை வளைவுகளையும் லாவோசின் தாக்கேக் சுற்றுப்பாதையையும் ஓட்டக் கிளம்பும் பையன்கள் கடைக்கு வந்து, “அண்ணே, எந்த ஹாமக் எடுக்கலாம்?” என்று கேட்பார்கள். எடை எவ்வளவு, விலை எவ்வளவு, எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். துணியின் நீளம் எவ்வளவு என்று நான் கேட்டால் பதில் வராது. அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. இந்தப் படுக்கையின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றை நான் படித்த அளவில், நீளமும் அகலமும் தாராளமாக இருந்த ஊர்களில் மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த அளவைக் குறைத்தவர்கள் எல்லோரும் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

1492 அக்டோபரில் பகாமாஸ் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்குள்ள வீடுகளில் பருத்தி வலைகளே படுக்கையாக இருப்பதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தாயினோ மக்களின் படுக்கை அது. எட்டு ஆண்டு கழித்து, 1500-இல், பிரேசில் கரையைத் தொட்ட போர்ச்சுகீசியக் கப்பல்களில் எழுத்தராக வந்த பேரோ வாஸ் தெ கமின்யா, அங்கே கண்ட துப்பி மக்களின் வீட்டை அரசருக்குக் கடிதத்தில் விவரித்தார். உள்ளே தடுப்பே இல்லாத நீண்ட வீடு, நிறையத் தூண்கள், தூணுக்குத் தூண் உயரத்தில் கட்டிய வலைகள், அவற்றில் தூக்கம், கீழே குளிர்காயத் தீ.

அந்தத் தீயை நான் எல்லோரிடமும் சொல்வேன். வெப்ப நாட்டில் படுக்கைக்கு அடியில் நெருப்பு எதற்கு என்று புரியாதவர், மலைமேல் ஓர் இரவு ஹாமக்கில் கிடந்தால் புரிந்துகொள்வார். தரையில் படுத்தவருக்கு மண் கொஞ்சமாவது சூட்டைப் பிடித்து வைக்கும். தொங்குபவருக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, முதுகுச் சூட்டை அது உருவிக்கொண்டு போகிறது. கெட்டியான போர்வையை உள்ளே விரித்தாலும் பயன் குறைவு. உடம்பின் எடையில் பஞ்சு நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சில் காற்று தங்காது, காற்று தங்காத பஞ்சு சூடு தராது. அதனால்தான் இன்று குளிரிடங்களுக்குப் போகிறவர்கள் ஹாமக்குக்கு வெளியே, அடியில், தனியாக ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். கமின்யா பார்த்த தீயின் இடத்தில் அது இருக்கிறது. ஈப்போவிலோ பட்டர்வொர்த்திலோ அது தேவையில்லை. கேமரன் மலைக்கும், டிசம்பர் மாதத்து வடதாய்லாந்துக்கும் கட்டாயம் தேவை. அமேசான் காடுகளில் பல இன மக்கள் தங்கள் ஹாமக் அருகே சிறு தீயை இரவெல்லாம் அணையாமல் வைத்திருப்பார்கள். சூட்டுக்கும் ஆயிற்று, புகைக்குக் கொசுவும் விலகும்.

ஸ்பானியர்களில் இந்தப் படுக்கையை உண்மையாகவே மதித்து எழுதியவர் கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் தெ ஒவியேதோ. 1526-இல் வந்த அவருடைய சுருக்க நூலிலும் 1535-இல் வந்த பெரிய வரலாற்று நூலிலும் ஹாமக்கைப் பற்றிய விவரிப்பு இருக்கிறது. 1535 நூலில் மரச்செதுக்குப் படமும் உண்டு: இரண்டு மரம், நடுவே தொங்கும் துணி. ஈரத் தரையில் படுத்து நோயில் விழும் ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இது நல்லது என்று அவர் சொன்னார். மழைக்காட்டில் தரைக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு முழம் காற்று இருப்பது எத்தனை பெரிய காவல் என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். எறும்பு, அட்டை, தேள், வெள்ளம், சேறு எல்லாம் அந்த ஒரு முழத்துக்குக் கீழே நின்றுவிடும். கூடாரம் போடுபவருக்கு மட்டமான, கல் இல்லாத, தண்ணீர் தேங்காத நிலம் வேண்டும். நம் மலைச் சாலைகளின் ஓரத்தில் அப்படி ஓர் இடத்தைப் பொழுது சாய்வதற்குள் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. இரண்டு நல்ல மரங்கள் எங்கும் கிடைக்கும்.

அமெரிக்க மண்ணிலேயே இந்தப் படுக்கை ஊருக்கு ஒரு விதமாக வளர்ந்தது. ஓரினோகோ ஆற்று முகத்துவாரத்தில் வாழும் வராவோ மக்கள் மொரிச்சே என்ற பனை வகையின் நாரில் பின்னுகிறார்கள். பிரேசிலின் வடகிழக்கில் அகலமான நெய்த பருத்தித் துணி, இரு ஓரங்களிலும் குஞ்சம் வைத்த தொங்கல். யுகத்தானில் மாயா மக்களிடம் ஸ்பானியர் வருகைக்கு முன் ஹாமக் இருந்ததாகத் தெரியவில்லை. கரீபியத் தீவுகளிலிருந்து பின்னால் போய்ச் சேர்ந்தது. ஆனால் சேர்ந்த பிறகு அவர்கள் அதைத் தங்கள் கைவேலையாக்கிக்கொண்ட விதம் வியக்கத்தக்கது. மெரிடா நகருக்குக் கிழக்கே திஷ்கோகோப் என்ற ஊரில் வீட்டுக்கு வீடு மரச்சட்டம் நிற்கும். முன்பு கற்றாழை நார், பிறகு பருத்தி, இப்போது நைலான் நூலும் சேர்ந்துவிட்டது. ஊசியில் நூலைச் சுற்றிச் சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, முடிச்சே இல்லாத வலையைப் பின்னுகிறார்கள். முடிச்சு இல்லாததால் முதுகில் எதுவும் உறுத்தாது. நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து உடம்புக்கு இடம் கொடுக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவற்றில் யாரும் நீளவாக்கில் படுப்பதில்லை. மூலைவாட்டில் படுக்கிறார்கள். தலை ஒரு பக்க ஓரத்தை நோக்கி, கால் எதிர்ப்பக்க ஓரத்தை நோக்கி. தையல்காரனுக்கு இது உடனே விளங்கும். இரு முனையிலும் சுருக்கிக் கட்டிய துணியின் நடுக்கோட்டில் படுத்தால் துணி ஆழமாகத் தொய்ந்து முதுகை வில்லாக வளைக்கும், முழங்காலைப் பின்புறமாக அழுத்தும். சற்றுக் கோணலாகப் படுத்தால் ஓரங்களில் இருந்த தளர்ச்சி இழுபட்டு, உடம்புக்குக் கீழே கிட்டத்தட்ட மட்டமான ஒரு தளம் உருவாகும். அதற்குத் துணி நீளமாகவும் வேண்டும், அகலமாகவும் வேண்டும், இறுக்கிக் கட்டாமல் நன்றாகத் தொய்யவும் விட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தத் தளம் கிடைக்கும். பிரேசில் நாட்டு அறிஞர் லூயிஸ் தா கமாரா கஸ்குதோ 1959-இல் ஹாமக்குக்கென்றே ஒரு முழு நூல் எழுதினார். பிறப்பு, கலவி, நோய், சாவு அனைத்தும் இந்தத் துணிக்குள் நடந்த ஒரு நாட்டில், அதை ஆராய ஒருவர் வாழ்நாளில் நேரம் ஒதுக்கியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வடகிழக்கு ஏழைகள் சவப்பெட்டி வாங்க வழியில்லாமல், இறந்தவரை அவர் படுத்த ஹாமக்கிலேயே கழியில் கோத்து இடுகாட்டுக்குச் சுமந்தார்கள்.

குளிர் நாட்டார் கைக்கு இது போனபோது முதலில் குறைந்தது அகலம். 1597-இல் ஆங்கிலக் கடற்படை தொங்கும் படுக்கைகளுக்காகக் கேன்வஸ் துணி வாங்க உத்தரவிட்டது. மாலுமிகளின் உடல்நலமே காரணம் என்று உத்தரவில் இருந்தது, அந்த நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதுவரை அவர்கள் ஈரப் பலகையில் கிடந்தார்கள். கப்பல் உருளும்போது தொங்கும் படுக்கை உருளாது. விடிந்ததும் சுருட்டிக் கட்டினால் பீரங்கித் தளம் காலியாகிவிடும். சுருட்டிய கட்டுகளைக் கப்பலின் மேல்தட்டு ஓரத்தில் வலைக்குள் அடுக்கி, போரில் துப்பாக்கிக் குண்டும் மரச்சிராயும் படாமல் தடுக்கும் அரணாக்கினார்கள். கேன்வஸ் தைப்பவனாகச் சொல்கிறேன், அது நல்ல யோசனை. ஆனால் ஆளுக்கு ஒதுக்கிய இடம் 14 அங்குலம், அதாவது சுமார் 36 சென்டிமீட்டர். கடலில் பாதிப் பேர் காவலில் நிற்பதால் அது இரட்டிப்பாகும். துறைமுகத்தில் எல்லோரும் படுத்தால் தோளோடு தோள்தான். அந்த அகலத்தில் மூலைவாட்டுக்கு ஏது இடம்? கனத்த கேன்வஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், வெப்பக் கடலில் அது காயவே காயாது.

அடுத்தது குறுக்குக் கட்டை. அமெரிக்காவின் தெற்குக் கரோலைனாவில் ஜோஷுவா ஜான் வார்ட் என்ற ஆற்றுப்படகுத் தலைவர், கோடை வெக்கையில் மெத்தையில் தூங்க முடியாமல், 1889-இல் கயிற்றால் பின்னி இருமுனையிலும் கட்டை வைத்த ஹாமக்கைச் செய்தார். பாலிஸ் தீவு ஹாமக் என்று அது பெயர் பெற்றது. படம் வரைந்தாலும் விளம்பரம் செய்தாலும் இன்றுவரை உலகம் காட்டுவது அந்த உருவத்தைத்தான். தோட்டத்தில் மத்தியானம் சாய்ந்து படிக்க அது அழகு. கட்டை வலையைத் தட்டையாக விரிப்பதால் படுப்பவரின் எடை உயரத்தில் போய் நிற்கும். புரண்டால் கவிழும். சுருட்டினாலும் கட்டை பெட்டியில் அடங்காது. மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர் கட்டை வைத்த ஹாமக்கைத் தொடவே வேண்டாம்.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்தவற்றின் வழியாக 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதைச் சர் ஹியூ லோ எங்கள் கோலகங்சாரில் நட்டார். அந்த ஒன்பதில் ஒன்று இன்னும் நிற்கிறது. என் கடையிலிருந்து மோட்டாரில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அதே 1877-இல்தான் பிரேசிலின் செயரா மாநிலத்தில் பெரும் பஞ்சம் தொடங்கியது. 1879 வரை மழை பொய்த்தது. அந்த வறண்ட நாட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக அமேசானுக்குப் போய் ரப்பர் சீவுகிறவர்கள் ஆனார்கள். அவர்கள் கையோடு எடுத்துப்போனது தங்கள் ஊர்ப் பருத்தி ஹாமக். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்து, பால் எடுத்து, புகையில் உருட்டி, ஓலைக் குடிசையில் அதை மாட்டித் தூங்கினார்கள்.

மரம் இங்கே வந்தது. அதைச் சீவத் தமிழ்நாட்டிலிருந்து என் பாட்டன்மார் வந்தார்கள். அந்த மரத்தின் கீழே பிறந்த படுக்கை மட்டும் வரவில்லை. லயத்து வீட்டில் பலகையிலும் பாயிலும்தான் படுத்தார்கள். தொங்கும் துணி எங்களுக்குக் குழந்தைகளின் சொத்தாக இருந்தது. விடியுமுன் தலைவிளக்கோடு பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். உத்தரத்தில் வரிசையாகப் பழஞ்சேலை ஏணைகள் தொங்கும். என் அம்மா வெட்டுக்குப் போனபோது நானும் அப்படி ஒன்றில் கிடந்தவன். சேலையின் இரு முனையையும் கொத்தாகச் சேர்த்து, கயிறு நழுவாதபடி மடக்கிக் கட்டும் அந்த முடிச்சு எங்கள் ஆயாவின் கைக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அதே சுருக்கு முறையில்தான் இன்று உலகத்தின் நல்ல ஹாமக்குகள் எல்லாம் முனை கட்டப்படுகின்றன. கம்போடியாவில் கிரமா என்னும் கட்டம்போட்ட துண்டில் இதே வேலையைத் தாய்மார்கள் செய்வதைப் பார்த்தபோது, மழைநாட்டு மக்கள் எல்லோருக்கும் துணியைப் பற்றித் தெரிந்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்களும் அதில் படுக்கலாம் என்பதைச் சில ஊர்கள் கண்டுகொண்டன, சில ஊர்கள் விட்டுவிட்டன.

கண்டுகொண்ட ஊர்களில் வியட்நாம் முதன்மையானது. அங்கே ஹாமக்குக்கு வோங் என்று பெயர். பழைய காலத்தில் அதிகாரிகளைக் கழியில் கட்டிய வோங்கில் சுமந்து ஊர்வலம் போவார்கள். மலபார்ப் பக்கத்தில் மஞ்சல் என்று தோளில் தூக்கிய தொங்கு பல்லக்கும் இதே உருவம்தான். ஆனால் வியட்நாமின் நவீன வோங் போரில் உருவானது. 1959 மே 19-இல் 559 என்ற எண்ணுள்ள படைப்பிரிவை அமைத்து, துருவோங் சன் மலைத்தொடர் வழியே தெற்குக்குப் பாதை திறந்தார்கள். வெளியுலகம் அதை ஹோ சி மின் பாதை என்றது. மாதக்கணக்கில் நடை. மழைக்காலத்தில் தரை முழுக்கச் சேறு. வீரனின் முதுகுப்பையில் தவறாமல் இருந்தவை இரண்டு: தங் என்ற மழைவிரிப்பும் வோங்கும். ஒன்றைத் தலைக்கு மேலே இழுத்துக் கட்டினால் கூரை, மற்றதைக் கீழே கட்டினால் படுக்கை. இரண்டும் தனித்தனித் துணி. அதனால் மழை இல்லாத நாளில் கூரையை விட்டுவிடலாம், தங்காமல் நடக்கும் பகலில் விரிப்பைப் போர்த்திக்கொள்ளலாம், எது கிழிந்தாலும் அதை மட்டும் மாற்றலாம்.

எதிர்த்தரப்பான அமெரிக்கர்களின் வழி அதற்கு முன்பே வேறாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட அமெரிக்கர்கள் கூரை, கொசுவலை, படுக்கை மூன்றையும் ஒன்றாகத் தைத்து ஜிப் வைத்த காட்டு ஹாமக்கைப் படைக்குக் கொடுத்தார்கள். ரப்பர் பூசிய கூரை, சுற்றிலும் வலை. ஆபத்து வந்தால் உள்ளேயிருந்து சட்டென்று வெளியேற முடியாது என்பது வீரர்களின் பெரிய பயமாக இருந்தது. கனமும் அதிகம். என்னைக் கேட்டால் நெடும்பயண மோட்டார்காரனுக்கு உகந்தது வியட்நாம் வழிதான். எல்லாம் ஒன்றாகத் தைத்த ஹாமக் கடையில் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் மழையில் நனைந்த கூரையையும் காய்ந்த படுக்கையையும் ஒரே பையில் திணிக்க வேண்டி வரும். அடுத்த இரவு இரண்டும் ஈரம்.

இன்று அந்தப் பாதையின் மேற்குக் கிளையில், ஃபோங் ஞாவிலிருந்து கே சான் வரை நல்ல சாலை போட்டிருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த மலைக்காடு, பெட்ரோல் கிடைப்பதே அரிது. வாடகை மோட்டாரில் அதை ஓட்டியபோது எனக்குப் போர்க்கதைகளைவிட அதிகமாக மனதில் பதிந்தது தெற்கே சமவெளி நெடுஞ்சாலைகளில் பார்த்த வோங் காப்பிக் கடைகள். ஓலையோ தகரமோ வேய்ந்த நீண்ட கொட்டகை. இரும்புக் குழாய்த் தூண்கள் அல்லது மடக்குச் சட்டங்கள், வரிசையாகப் பத்திருபது வோங்குகள், ஒவ்வொன்றின் அருகிலும் தாழ்ந்த மேசை. ஐஸ் போட்ட காப்பியோ இளநீரோ ஒன்று வாங்கினால் போதும், வெயில் தாழும்வரை படுத்திருக்கலாம். லாரி ஓட்டுநர், பைக்கில் கோழிக்கூண்டு கட்டி வந்தவர், டெட் என்னும் புத்தாண்டுப் பண்டிகைக்கு ஊர் திரும்பும் தொழிலாளிக் குடும்பம், எல்லோரும் பக்கம் பக்கமாகக் கிடப்பார்கள். கம்போடியாவிலும் இதே வழக்கம் உண்டு. புனோம் பென்னுக்கு வெளியே கியென் ஸ்வாய் ஆற்றங்கரையில் தண்ணீர்மேல் கட்டிய மேடைகளில் குடும்பம் குடும்பமாக ஹாமக்கில் ஆடிக்கொண்டு சாப்பிடுவார்கள்.

இந்த வழக்கத்துக்கு நான் தலைவணங்குகிறேன். வெப்பநாட்டில் மோட்டார் ஓட்டுபவனைக் கொல்வது பெரும்பாலும் இரவு இல்லை, மத்தியானம். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை தார்ச்சாலையின் அனலும் ஹெல்மெட்டுக்குள் வியர்வையும் சேர்ந்து கண்ணை இழுக்கும். அரைமணி நேரம் தரையைத் தொடாமல், முதுகுக்குக் கீழே காற்று ஓடப் படுத்து எழுந்தால் புதிய ஆள். அதனால் ஹாமக் தேர்ந்தெடுக்கும்போது அது இரவுக்கு மட்டும் என்று நினைக்கக்கூடாது. பெட்டியின் அடியில் புதையாமல், சீட்டின் பின்னால் மேலாகக் கட்டியிருக்க வேண்டும். நிறுத்தியதும் எடுத்து, இரண்டு பட்டையை மரத்தில் சுற்றி, படுத்துவிட முடிய வேண்டும். வலை, கூரை, சட்டம் எல்லாம் கழற்றக்கூடியதாக இருந்தால்தான் இது நடக்கும்.

மேற்கு நாட்டார் தாங்கள் சுருக்கிய அளவை மீட்டெடுத்தது அண்மையில்தான். 1990-களின் இறுதியில் டாம் ஹென்னசி என்பவர், துணியையே கோணலாக வெட்டி, படுப்பவர் தானாகவே மூலைவாட்டுக்குப் போகும்படியான ஹாமக்கை விற்கத் தொடங்கினார். 2003-இல் எட் ஸ்பியர் ஹாமக்கில் முகாமிடுவதைப் பற்றி நூல் எழுதினார். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் துணிக்கு மேலே இரு முனைகளையும் இணைத்து ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டினார்கள். கயிற்றின் நீளம் துணி நீளத்தில் சுமார் 83 சதவீதம். மரங்கள் எந்தத் தூரத்தில் நின்றாலும், பட்டையை எப்படி இழுத்தாலும், அந்தக் கயிறு இருப்பதால் தொய்வு மாறாது. திஷ்கோகோப்பின் பெண்களும் செயராவின் நெசவாளர்களும் கண்ணளவில் செய்துவந்ததைக் கயிறு அளந்து கொடுக்கிறது. கண்ணளவு பழகாதவனுக்கு அது பெரிய உதவி, நான் தைக்கும் எல்லாவற்றிலும் அதை வைக்கிறேன்.

என் அளவு இதுதான்: துணி நீளம் 3.3 மீட்டருக்குக் குறையாமல், அகலம் ஒன்றரை மீட்டர். ஆறடிக்கு மேல் உயரமானவர் என்றால் இன்னும் ஒரு சாண் கூட்டுவேன். கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பல 2.6, 2.7 மீட்டரில் நின்றுவிடுகின்றன. அவை மத்தியானத் தூக்கத்துக்குச் சரி. இரவு முழுக்கப் படுக்க அந்த நீளம் போதாது. துணி மெல்லிய நைலான். பாராசூட்டுக்காக வளர்ந்த நெசவு அது, கிழிசல் ஓடாமல் கட்டம் கட்டமாகத் தடித்த இழை போட்டது. உடம்போடு இசைந்து கொடுப்பதில் பாலியெஸ்டரைவிட நைலான் மேல். ஆனால் பட்டைக்கு நைலான் வேண்டாம், பாலியெஸ்டர் வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். நடுஇரவு மழையில் முதுகு மெல்ல மெல்லத் தரையைத் தொடுவது அதனால்தான். தையல் நூலும் பாலியெஸ்டர். பருத்தி நூல் இந்த ஈரக்காற்றில் இற்றுப்போகும். நாள் முழுக்க வெயிலில் கட்டிவைக்காதீர்கள், சூரியன் நைலானைத் தின்றுவிடும்.

இறுக்கிக் கட்டுவதுதான் மிகப் பரவலான தவறான பழக்கம். 80 கிலோ ஆள் படுத்திருக்கும்போது பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால் ஒவ்வொரு மரத்தின் பக்கமும் இழுவை சுமார் 80 கிலோ. அதையே 10 டிகிரிக்கு இறுக்கினால் 230 கிலோ. கொக்கி வளைவதும் தையல் பிரிவதும் அங்கேதான். மோட்டாரையே ஒரு பக்கத் தூணாக வைத்துக் கட்டலாமா என்று கேட்பார்கள். கப்சாய் என்று நாங்கள் சொல்லும் சிறு மோட்டார் சுமார் நூறு கிலோதான். 30 டிகிரியில் கட்டினாலும் பக்கவாட்டு இழுவை கிட்டத்தட்ட 70 கிலோ, அதற்கு அது உங்கள் மேலேயே சாயும். வேண்டாம்.

மரத்தைப் பற்றித் தோட்டத்துப் பிள்ளையாகச் சில சொல்ல வேண்டும். பால்மரத் தோட்டம் ஹாமக்குக்கென்றே நட்டு வைத்தது போலத் தெரியும், வரிசையும் இடைவெளியும் அப்படி. ஆனால் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் பால் சீவும் பட்டைப் பகுதியில் கயிற்றைச் சுற்றாதீர்கள். பால் ஓடுவது பட்டைக்குள்தான். அங்கே ஒரு கீறல் விழுந்தால் ஒரு குடும்பத்தின் வருமானத்தில் விழுகிறது. அகலமான பட்டையை, வெட்டுக்கு மேலே, மரம் நோகாதபடி சுற்றுங்கள். பால்மரக் கிளை காற்றுக்கு ஒடியும். மேற்குக் கரையில் சுமத்ரா என்று நாங்கள் சொல்லும் விடியற்காலைப் புயல்காற்று அடிக்கும் மாதங்களில் முதிர்ந்த தோட்டத்துக்குள் தங்காமல் இருப்பது நல்லது. தென்னைக்கடியிலும் டுரியானுக்கடியிலும் யாரும் படுக்கக்கூடாது. செம்பனைத் தோட்டம் எலிக்கும், எலியைத் தேடிவரும் பாம்புக்கும் வீடு. கூரைவிரிப்பு ஹாமக்கைவிட இரு பக்கமும் ஒரு முழம் நீண்டிருக்கட்டும். பட்டையில் துணிக்குச் சற்று முன்னால் ஒரு நூல்துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து வழிந்து வரும் மழைநீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும்.

கடைசியாகக் கொசு. துருவோங் சன் பாதையில் நடந்தவர்களை மலேரியா கூட்டம் கூட்டமாக வீழ்த்தியது. வட வியட்நாம் சீனாவிடம் உதவி கேட்டது. 1967 மே 23-இல் தொடங்கியதால் 523 என்று பெயரிட்ட ரகசிய ஆய்வுத் திட்டத்தில்தான் பீஜிங்கின் து யூயூ குழு மாசிபத்திரி வகைச் செடியொன்றிலிருந்து ஆர்டெமிசினின் மருந்தைப் பிரித்தெடுத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹாமக்கில் தூங்கிய வீரர்களுக்காகத் தேடிய மருந்து இன்று உலகமெங்கும் உயிர் காக்கிறது. பிற்காலத்தில் வியட்நாமிலும் கம்போடியாவிலும் காட்டுக்குள் போய் நாள்கணக்கில் தங்கி வேலை செய்கிறவர்களுக்காகப் பூச்சிமருந்து ஊட்டிய ஹாமக் வலைகளைச் சோதித்து, விநியோகமும் செய்தார்கள். வீட்டில் கட்டும் கொசுவலை அந்த மக்களுக்கு உதவாது என்பதை மருத்துவர்கள் அவர்கள் தூங்கும் விதத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

எங்கள் நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியாவின் உள்நாட்டுத் தொற்று 2018-இல் பூஜ்யமானது. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு கொண்டுவரும் நோலெசி வகை மலேரியா ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது. அது காட்டோரத்து நோய், நீண்ட பயணத்தில் நாம் ஒதுங்கும் இடமும் காட்டோரம்தான். இறுக்கமாக முதுகில் ஒட்டிய மெல்லிய ஒற்றைத் துணியைக் கொசு கீழிருந்தே குத்திவிடும். ஆகவே காட்டோரம் தங்கப்போகிறேன் என்பவருக்கு அடித்துணியை இரட்டையாக வைத்து, நடுவே மெல்லிய பாய் செருக இடம் விட்டு, வலையை ஜிப்பில் சுற்றிலும் மாட்டும்படி தைத்துத் தருகிறேன். எடை அரைக் கிலோ கூடுகிறதே என்று பையன்கள் தயங்குவார்கள். நடந்து மலையேறுபவருக்கு அது கணக்கு. உங்கள் சுமையை மோட்டார் தூக்குகிறது, தைரியமாக இரட்டைத் துணியையே எடுங்கள் என்பேன்.